பெடலுக்குப் பவர் பாங்க்: பெட்டியில இருக்கிற நம்பரை மட்டும் நம்பாதேங்கோ

கிற்றார் பெடலைப் பவர் பாங்கில ஓட்டலாமோ என்ற கேள்விக்கு எபிசோட்டில ஐந்து நிமிசம்தான் கிடைத்தது. அது காணாது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

ஸ்ஃபெர்ராகவால்லோ துறைமுகத்தடியில வாசிக்க ஆசைப்படுகிற ஆக்களுக்கு இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று விளங்கும். செப்டம்பர் கடைசியில புனிதர்கள் கோஸ்மா, தமியானோ திருவிழா வந்தால் தெரு முழுக்க வெளிச்சம். ஆனால் உங்கட பெடல்போர்டுக்கு ஒரு பிளக் கிடைக்காது. ஆம்ப் பெரிய பிரச்சினை இல்லை. ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் மாதிரியானவை 6 ஏஏ பற்றரியில ஓடும். மிஞ்சுவது பெடல்தான்.

அடிப்படை விசயம் இது: பவர் பாங்க் போனுக்காகச் செய்த சாமான். போன் கனக்கக் கேட்கும், நிரம்பினதும் நிப்பாட்டும். பெடல் கொஞ்சமாகத்தான் கேட்கும். ஆனால் விடாமல் கேட்கும், சுத்தமான கரண்ட் கேட்கும். கீழே இருக்கிற மூன்று கரைச்சலும் இந்த வித்தியாசத்தால வருகிறவைதான்.

1. வோல்ற்

பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ற் டி.சி. வேணும். சாதாரண யூ.எஸ்.பி. தருவது 5 வோல்ற். இதுக்கு இரண்டு வழி இருக்கு. ஒன்று, 5ஐ 9 ஆகக் கூட்டுகிற கேபிள். மற்றது, யூ.எஸ்.பி. பவர் டெலிவரி, அதாவது பி.டி. இருக்கிற பவர் பாங்க். பி.டி.யில 5, 9, 15, 20 வோல்ற் என்று படிகள் உண்டு. 'டிரிகர் கேபிள்' என்பது பவர் பாங்கிட்ட "எனக்கு 9 தா" என்று கேட்கிற கேபிள்.

கவனம்: சில டிரிகர் கேபிளில வோல்ற்றை மாற்றலாம். தவறி 20 வந்தால் பெடல் எரிந்துபோகும். கொழுவ முதல் மல்ற்றிமீற்றரால ஒருக்கா பாருங்கோ. பிளக்கின்ர நடுப்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ் என்பதுதான் பெடல்களில வழக்கம். கனக்க வேற சாமான்களுக்கு அது நேர்மாறு. பெடலின்ர அடியில எழுதியிருப்பதையும் வாசியுங்கோ. லைன் 6 டி.எல்.4 முதல் மொடல் கேட்பது 9 வோல்ற் ஏ.சி.

2. தானாக நித்திரை கொள்வது

கரண்ட் மிகக் குறைவாகப் போனால், "போன் நிரம்பிட்டுது" என்று நினைத்து பவர் பாங்க் தன்னைத் தானே நிப்பாட்டிவிடும். பல மொடல்களில இந்த எல்லை 50 முதல் 100 மில்லிஅம்பியருக்குள்ள இருக்கும். ஒரு சாதாரண டிஸ்டோர்ஷன் பெடல் 10 மில்லிஅம்பியர்கூட எடுக்காது. பொஸ் டி.டி.7 டிலே 55 எடுக்கும்.

மேடையில இதுதான் பெரிய ஆபத்து. பொஸ் மாதிரி பெடலுக்குக் கரண்ட் நின்றால் எஃபெக்ட் மட்டும் போகாது, கிற்றார் சத்தமே ஆம்புக்குப் போகாது. பாட்டு நடுவில அமைதி!

இயர்பட்ஸ், வாட்ச் சார்ஜ் பண்ண 'குறைந்த கரண்ட் மோட்' இருக்கிற பவர் பாங்காகப் பார்த்து வாங்குங்கோ. வாங்கினதும் வீட்டில எல்லாப் பெடலையும் கொழுவி, ஒரு மணித்தியாலம் தொடாமல் விட்டுப் பாருங்கோ. இன்னொன்று: வாசிக்கும்போது மற்றப் போர்ட்டில போனைக் கொழுவ வேண்டாம். பல பவர் பாங்குகள் அந்த நேரம் ஒரு செக்கன் கரண்டை வெட்டி, வோல்ற்றைத் திரும்பப் பேசித் தீர்மானிக்கும்.

3. இரைச்சல்

வோல்ற்றை மாற்றுகிற சேர்கிற் ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கில, சிலவேளை லட்சக்கணக்கில, ஓன் ஓஃப் ஆகும். டிஜிட்டல் பெடலுக்குள்ளயும் இதே மாதிரிச் சத்தம் இருக்கு. எல்லாவற்றையும் ஒரே கேபிளில மாலை மாதிரிக் கோர்த்தால் அந்தச் சத்தம் ஓவர்டிரைவுக்குள்ள புகுந்து "கீ..." என்று பெரிசாகக் கேட்கும். ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிந்த 'ஐசோலேற்றட்' சப்ளையை நடுவில வைப்பது நல்ல தீர்வு. காசு குறைவென்றால் டிஜிட்டல் பெடலுக்கு மட்டும் வேற ஒரு சின்னப் பவர் பாங்க் குடுங்கோ.

அப்ப எவ்வளவு பெரிசு வேணும்?

பெட்டியில 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது உள்ளே இருக்கிற செல்லின்ர 3.7 வோல்ற் கணக்கு. அதாவது 37 வாற்-மணி. 9 வோல்ற்றுக்கு மாற்றினால் ஏறக்குறைய 4,100. மாற்றும்போது வீணாவதைக் கழித்து 3,300 என்று வைப்பம். ஓவர்டிரைவ் 10, டிலே 55, ரிவேர்ப் 100 என்றால் மொத்தம் 165 மில்லிஅம்பியர். 3,300ஐ 165ஆல பிரித்தால் 20 மணித்தியாலம்! திருவிழா முடிஞ்சு சனம் வீட்டுக்குப் போனாலும் உங்கட பெடல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே 20,000, 30,000 என்று தேடிக் காசைக் கொட்ட வேண்டாம். விமானத்தில 100 வாற்-மணிக்குக் கூடினதைக் கொண்டுபோக விமான நிறுவனத்தின்ர அனுமதி வேணும். சின்னதென்றாலும் கைப்பையிலதான் வைக்க வேணும், சூட்கேசில போடக்கூடாது. யூலை மாத வெயிலில காருக்குள்ள விட்டுட்டுப் போகவும் வேண்டாம். லித்தியம் செல்லுக்கு வெக்கை ஆகாது.

உங்கட பெடல்களின்ர அடியில இருக்கிற மில்லிஅம்பியரைக் கூட்டி எங்களுக்கு அனுப்புங்கோ. எந்தப் பவர் பாங்க் பொருந்தும் என்று அடுத்த எபிசோட்டில சேர்ந்து கணக்குப் பார்ப்பம்.