சபைகளின் கணக்குகள் மக்கள் பார்வைக்கு வரவேண்டும்

ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை என மக்களிடமிருந்து நேரடியாகப் பணம் பெறுபவை உள்ளூராட்சி சபைகளாகும். அப்பணத்தின் வரவு செலவைச் சில சபைகள் தமது இணையத்தளத்தில் ஒழுங்காக வெளியிடுகின்றன. வேறு பல சபைகளின் தளங்களிலோ தவிசாளரின் வாழ்த்துச் செய்தியும் விழாப் படங்களுமே எஞ்சுகின்றன. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

முதலாவது காரணம் வளம். மக்கள்தொகையும் வருமானமும் கூடிய நகரங்களே கணக்குகளைக் கூடுதலாக வெளியிடுவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. கணக்காளரும் கணினி அறிந்த அலுவலரும் போதியளவில் இல்லாத பிரதேச சபையை மாநகர சபையுடன் ஒப்பிடுவது நியாயமாகாது.

எனினும் வளம் மாத்திரம் காரணமன்று. வரி செலுத்துபவன் கேள்வி கேட்பான். மத்திய அரசின் நிதியிலேயே பெரிதும் தங்கியிருக்கும் சபையோ மக்களைப் பார்ப்பதிலும் பார்க்க மேலிடத்தையே பார்க்கும்.

மூன்றாவது, அரசியற் போட்டி. விழிப்பான எதிரணி இருக்கும் சபையில் கணக்கை மறைப்பது கடினம். 2018 இல் தெரிவான சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. 2025 மே 6 ஆம் திகதி 339 சபைகளுக்குத் தேர்தல் நடைபெறும் வரை, இரண்டு வருடங்களுக்கு மேலாக நிர்வாகம் அதிகாரிகளின் கையிலேயே இருந்தது. சபையில் எழுந்து கேள்வி கேட்க உறுப்பினர் எவரும் இருக்கவில்லை.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்படல் வேண்டும். ஆனால் ஒவ்வொருவரும் விண்ணப்பித்துப் பெறுவதை விட, கேட்காமலே வெளியிடுவது சபைக்கும் மக்களுக்கும் இலகுவானது. வரவுசெலவுத்திட்டமும் ஆண்டுக் கணக்கும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையும் எப்படியும் தயாரிக்கப்படுபவையே. அவற்றைத் தளத்தில் இடுவதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது, வேண்டியது மனமே.

மொழியும் இங்கு கவனிக்கப்படல் வேண்டும். நுவரெலியாவிலும் புத்தளத்திலும் வரி செலுத்தும் தமிழ் பேசும் மக்களுக்குச் சிங்களத்தில் மட்டும் வெளியாகும் கணக்கு வெளியாகாத கணக்கே.

சந்தைக் கூரை ஏன் திருத்தப்படவில்லை, வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று கேட்க இலக்கங்கள் அவசியம். அவை இல்லாதவிடத்து வதந்தியே பேசும். நேர்மையான சபையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். புதிய சபைகள் தமது முதலாவது வரவுசெலவுத்திட்டத்திலிருந்தே இதனை வழமையாக்கிக் கொண்டிருக்க வேண்டும். அவ்வாறு செய்யாத சபைகள் இனியேனும் ஆரம்பிக்க வேண்டும். அதனைக் கேட்டுப் பெறும் பொறுப்பு வாக்களித்த மக்களுக்கும் உண்டு என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.