வேலூர்ல எங்க சாப்பிடலாம்? யாரோட வீட்டுச் சாப்பாடுன்னு பாருங்க

இந்த வருஷம் வேலூர்ல காலேஜ் சேர்ந்தவங்க நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க: "அண்ணா, ஹாஸ்டல் மெஸ் சலிச்சுப் போச்சுன்னா எங்க போறது?" நான் நாலு வருஷம் அங்கதான் படிச்சேன். அதனால இந்த எபிசோடு அதுக்குத்தான்.

முதல்ல ஊரைப் புரிஞ்சுக்கலாம். 1900-ல ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்ச மருத்துவமனைதான் இன்னைக்கு சி.எம்.சி. 1984-ல தொடங்கின பொறியியல் கல்லூரிதான் இன்னைக்கு வி.ஐ.டி. ஒண்ணுக்கு நோயாளிங்க, இன்னொண்ணுக்கு மாணவர்கள்னு நாடு முழுக்க இருந்து ஆளுங்க வர்றாங்க. வீட்டை விட்டு வந்தவங்க இருக்கிற இடத்துல வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்குற கூட்டம் இருக்கும். அந்தக் கூட்டத்துக்காகவே கடை வரும். ஸ்டார் ரேட்டிங் பார்க்கிறதுக்கு முன்னாடி, இந்தக் கடை யாருக்காகத் திறந்ததுன்னு பாருங்க. அவங்களே உட்கார்ந்து சாப்பிட்டா, நம்பி உள்ள போகலாம். நான் கடைப் பேரைவிட ஏரியாவையே சொல்றேன். மெஸ் போர்டு மாறிட்டே இருக்கும், ஏரியா மாறாது.

காட்பாடி: ஆந்திரா மீல்ஸ்

சித்தூர் இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர்தான். தெலுங்குப் பசங்களும் கேம்பஸ்ல நிறைய. அதனால காட்பாடி பக்கம் ஆந்திரா மெஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. சாம்பாருக்கு அவசரப்படாதீங்க. முதல் ரவுண்டு சூடான சோறு, பருப்புப் பொடி, நெய். அடுத்தது பப்பு. அதுக்கு ஓரமா கோங்குரா பச்சடி, அதாவது புளிச்சக்கீரைத் துவையல். காரம் தலைக்கேறினா தண்ணி குடிக்காதீங்க, தயிர் கேளுங்க. பக்கத்து டேபிள்ல தெலுங்கு சத்தமா கேட்டா அது சரியான கடை.

சி.எம்.சி. எதிர்ல: மீனும் சோறும்

கொல்கத்தா பக்கமிருந்து பெங்களூர் போற ரயில்கள் காட்பாடியில நிக்கும். மேற்கு வங்காளத்துல இருந்து சிகிச்சைக்கு வர்ற குடும்பங்கள் நிறைய. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களைச் சுத்திப் பார்த்தீங்கன்னா பெங்காலி எழுத்துல போர்டு இருக்கும், கடுகெண்ணெய் வாசனை வரும்.

என் ரூம்மேட்டுக்கு டெங்கு வந்து அட்மிட் ஆனப்போதான் நான் முதல் தடவை அந்த மாதிரி ஒரு கடைக்குள்ள போனேன். எல்லாத்தையும் ஒண்ணாப் பிசைய ஆரம்பிச்சேன். எதிர்ல இருந்த பெரியவர் சைகையிலேயே காட்டினார்: முதல்ல பருப்பும் உருளைக்கிழங்கு வறுவலும், மீன் குழம்பு அப்புறம். கை கழுவும்போது அரைகுறை ஹிந்தியில பேசினோம். அவர் மனைவிக்கு மறுநாள் ஆபரேஷன். ஊர்ல சாப்பிடற மாதிரியே இருக்குன்னு பத்து நாளா அங்கேயேதான் சாப்பிடுறாராம்.

எனக்கு அது புது டேஸ்ட். அவருக்கு அன்னைக்குக் கிடைச்ச ஒரே ஆறுதல். அதனால ஒரு வேண்டுகோள்: அங்க ரீல்ஸ் எடுக்காதீங்க. கூட்ட நேரத்துல சாப்பிட்டதும் இடத்தை விடுங்க. உங்களுக்கு அது லஞ்ச். அடுத்து நிக்கிறவர் வார்டுக்கு ஓடணும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை: ஆம்பூர்

வேலூர்ல இருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர், பஸ் நிறைய இருக்கு. 2019-ல திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போற வரைக்கும் ஆம்பூரும் வேலூர் மாவட்டம்தான். இங்க பிரியாணிக்கு பாஸ்மதி கிடையாது, சீரக சம்பா. மிளகாய்த் தூளுக்குப் பதிலா காய்ஞ்ச மிளகாயை ஊறவெச்சு அரைச்ச விழுது. அதனால நிறம் சிவப்பா இருக்கும், ஆனா மசாலா அடிக்காது. சாப்பிட்டு வயிறு கனக்காது. கூட வர்ற புளிப்பான கத்தரிக்காயை ஒதுக்கிடாதீங்க, கறியோட கொழுப்புக்கு அந்தப் புளிப்புதான் ஜோடி. கத்தரிக்காய்னா இந்தப் பக்கத்துக்குத் தனிப் பெருமை உண்டு: வேலூர் முள் கத்தரிக்காய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது.

ஆம்பூர்ல ஸ்டார் பிரியாணி பேர் எல்லாருக்கும் தெரியும், ஒரு தடவை போய்ப் பாருங்க. ஆனா சின்னக் கடைகளையும் விட்டுடாதீங்க. மதியம் சீக்கிரம் போயிடுங்க, அண்டா காலியானா அவ்வளவுதான்.

கடைசியா

புது ஊர்ல நல்ல கடையைக் கண்டுபிடிக்க மூணு விஷயம் கவனிங்க. மெனு சின்னதா இருக்கணும். மதியச் சாப்பாடு தீர்ந்து போகணும். அந்தச் சாப்பாட்டோட ஊர்க்காரங்க அங்க இருக்கணும். மூணும் பொருந்தினா தைரியமா உட்காருங்க. எப்படிச் சாப்பிடறதுன்னு தெரியலைன்னா பக்கத்துல இருக்கிறவரைக் கேளுங்க, கண்டிப்பா சொல்லிக் கொடுப்பாங்க.

உங்க காலேஜ் ஊர்ல இப்படி ஒரு கடை இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம். நல்லா சாப்பிடுங்க மக்களே!