கொடி வணங்காது

கொடித் தொடரோட்டம் என்று விடுதி அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியதும், "எந்தக் கல்லூரியோடு பந்தயம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பந்தயம் அன்று. போரில் உயிர்நீத்த படைவீரர்களை நினைந்து, தேசியக் கொடி ஒன்றைப் பலர் கைமாற்றி ஒரு நினைவிடத்திலிருந்து மற்றொரு நினைவிடத்திற்குக் கொண்டு செல்வதே அது. முந்துவாரும் இல்லை, பிந்துவாரும் இல்லை. உண்மையில் ஓட்டமும் இல்லை, நடைதான். 2025 டிசம்பர் 7, ஞாயிறு காலை, நம் சங்கத்தார் இந்நகரில் அதை நடத்தினோம். எவ்வாறு நடத்தினோம் என்பதை, அடுத்து நடத்துவோர்க்குப் பயன்படுமென்று எழுதுகிறேன்.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். 1949 முதல் ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படுகிறது. சிறு காகிதக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போட்ட நினைவு பள்ளியில் படித்த எல்லோர்க்கும் இருக்கும். அந்தக் காசு முன்னாள் படைவீரர்க்கும், மாண்டவர் குடும்பத்தார்க்கும் செல்கிறது. தொடரோட்டத்துக்கு முன்மாதிரியும் நம் நாட்டிலேயே உண்டு. வங்கதேசப் போர் வெற்றியின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, 2020 டிசம்பர் 16 அன்று தில்லி தேசியப் போர் நினைவிடத்தில் நான்கு தீப்பந்தங்களை ஏற்றி நான்கு திசைகளுக்கும் அனுப்பினார்கள். 1971-இல் பரம்வீர் சக்கரமும் மகாவீர் சக்கரமும் பெற்றவர்களின் ஊர்களுக்கு அவை சென்றன. அவ்வூர்களின் மண்ணும் தில்லிக்கு வந்து சேர்ந்தது. அரசு செய்ததைப் பன்னிரண்டு மாணவர்கள் ஒரு காலைப்பொழுதில் செய்யும் அளவிற்குச் சுருக்கிக்கொண்டோம்.

நிற்க. முதற்கூட்டத்திலேயே ஒரு யோசனை எழுந்தது. கொடியின் வெள்ளைப் பட்டையில் வீரர்களின் பெயர்களை எழுதிவிட்டால் எவ்வளவு அழகாயிருக்கும் என்றார் ஒருவர். எல்லோரும் தலையசைத்தோம். பிறகுதான் கொடிச் சட்டத்தைப் படித்தோம். கொடியின்மேல் எந்த எழுத்தும் இருத்தலாகாது. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தேசியக் கொடியை அவமதித்த குற்றம்; மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. நல்லெண்ணத்தோடு சிறைக்குப் போயிருப்போம்!

அதே விதிகளில் மற்றொன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எவருக்கும் எதற்கும் வணக்கமாகத் தேசியக் கொடியைத் தாழ்த்தக்கூடாது. நினைவுத்தூணின் முன்னும் அது நிமிர்ந்தே நிற்கவேண்டும். ஆகவே கொடி பெயரையும் தாங்காது, தலையும் வணங்காது. அவ்விரண்டும் கொடி பிடிப்பவர் செய்யவேண்டியவை. பெயர்களைக் கல்லில் பொறித்து வழிபட்டவர் நம் முன்னோர். நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியமே கூறுகிறது. துணியில் எழுதும் வழக்கம் நமக்கும் இல்லை. எனவே பெயர்களை அட்டையில் எழுதி, வாய்விட்டுப் படிப்பதென்று முடிவாயிற்று.

சங்கத்தில் பழைய கொடி ஒன்று இருந்தது. ஓரம் நைந்திருந்ததால் அதைப் பயன்படுத்த விதி இடந்தரவில்லை. மறைவான இடத்தில், மரியாதையோடு, முழுவதும் எரித்துவிட்டோம். கைத்தறிக் கதரில் 900-க்கு 600 மில்லிமீட்டர் அளவில் புதிது வாங்கினோம். 2021 டிசம்பர் முதல் பாலியெஸ்டர் கொடிக்கும் அனுமதி உண்டு. எங்களுக்கு மனம் வரவில்லை. கையில் ஏந்தி நடப்பதற்கு இவ்வளவே போதும். பெரிய கொடி காற்றில் ஆளையே இழுத்துவிடும்.

வழியைத் தேர்வது எளிதாயிற்று. கல்லூரிச் சதுக்கத்தில், நாம் தினமும் தேநீர் குடிக்கக் கடந்து போகும் இடத்தில், 49-ஆவது வங்காளிப் படையின் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1917-இல் அமைந்து மெசபொடேமியா சென்று 1920-இல் கலைக்கப்பட்ட படை அது. கவிஞர் நஜ்ருல் இஸ்லாம் பணியாற்றியது அதில்தான். போரில் மாண்டவரைவிட நோயில் மாண்டவர் அதிகம். அங்கே தொடங்கி, வெலிங்டன் சதுக்கம், லெனின் சரணி, எஸ்பிளனேடு வழியாக மைதானத்துப் போர் நினைவுக்கல்லை அடைந்து, ஹூக்ளிக் கரையருகே லஸ்கர் நினைவிடத்தில் முடித்தோம். ஏறக்குறைய 6 கிலோமீட்டர். அரைக் கிலோமீட்டருக்கு ஒருவராகப் பன்னிருவர்.

லஸ்கர் நினைவிடத்தைப் பார்க்காதவர் ஒருமுறை போய்ப் பாருங்கள். நான்கு பக்கமும் பழங்காலக் கப்பலின் முகப்புப் போல நீட்டி, மேலே பொன்முலாம் பூசிய கும்மட்டம் வைத்த உயர்ந்த கட்டடம். முதல் உலகப் போரில் இறந்த 896 கப்பல் தொழிலாளருக்காக 1924-இல் திறந்தது. துப்பாக்கி பிடிக்காதவர்களைப் படைவீரர் வரிசையில் சேர்க்கலாமா என்று ஒருவர் ஐயுற்றார். நீர்மூழ்கியின் குண்டு, கரி அள்ளுபவனையும் தளபதியையும் பிரித்தறியாது என்பது என் கருத்து.

அனுமதியைப் பற்றி ஒரு சொல். தெருவுக்குக் கொல்கத்தாக் காவல்துறை. மைதானமோ இராணுவத்தின் பொறுப்பில் உள்ளது. இரண்டு விண்ணப்பங்கள் வேண்டும். ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

பெயர்ப் பட்டியல்தான் எங்களை உண்மையில் வருத்தியது. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் மாண்ட இருபதின்மரில் இராமநாதபுரத்து அவில்தார் பழனியும் உண்டு. வங்கத்துப் பீர்பூம் மாவட்டத்து ராஜேஷ் ஓராங்கும், அலிப்பூர்துவார் பிபுல் ராயும் உண்டு. இவர்கள் மூவரையும் அடுத்தடுத்துப் படிப்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. பழனியின் பெயரை எங்கள் ஆய்வகத்து வங்க நண்பர் படித்தார். ழகரத்துக்காக மூன்று நாள் பயிற்சி எடுத்துக்கொண்டார்.

மேஜர் இராமசாமி பரமேசுவரன் பெயர் வந்தபோது கூட்டம் பிளந்தது. தமிழ்க் குடும்பத்தில் பம்பாயில் பிறந்தவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் புலிகளோடு நிகழ்ந்த சண்டையில் இறந்தவர். அமைதிப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. "அந்தப் படையால் யாழ்ப்பாணத்தில் மாண்ட நம்மவரை யார் படிப்பது?" என்று ஒரு நண்பர் கேட்டார். 1990 மார்ச்சில் அப்படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதியே வரவேற்கச் செல்லவில்லை என்பதையும் எடுத்துரைத்தார். அனுப்பியவர் பிழையை இறந்தவர் தலையில் சுமத்தலாகாது என்றேன் நான். அவர் ஒப்பவில்லை. பெயரைப் படிப்பது, அதன்பின் இருபுறத்தும் மாண்டவர்க்காக ஒரு நிமிடம் பேசாமல் நிற்பது என்று முடிவு செய்தோம். நண்பர் கொடி ஏந்த மறுத்தார். ஆனால் ஆறு கிலோமீட்டரும் எங்களோடு நடந்தார். இருவரில் யார் சரி என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.

கைமாற்றும் முறையை முன்னரே பழகவேண்டும். பெறுபவர் கம்பின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பற்றி, "பிடித்துவிட்டேன்" என்று சொன்ன பிறகே தருபவர் விடவேண்டும். துணி தரையில் படக்கூடாது. பெற்றவர் தம் அட்டையிலுள்ள பெயர், ஊர், நாள் மூன்றையும் உரக்கப் படித்தபின் நடக்கவேண்டும். எஸ்பிளனேடில் பேருந்துச் சத்தத்தில் ஒரு பெயர் யாருக்கும் கேட்கவில்லை. சற்றுத் தள்ளிப் போய் மீண்டும் படிக்கச் செய்தோம்.

முடிவில் காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, சக்கரம் மேலே தெரியும்படி சுருக்கி, இரு உள்ளங்கைகளிலும் ஏந்தி விடுதிக்குக் கொண்டுவந்தோம். பெயர் அட்டைகள் செயலாளரிடம் இருக்கின்றன. தம் ஊரார் பெயரைச் சேர்க்க விரும்பும் அன்பர்கள், ஊரும் நாளும் சரிபார்த்து நவம்பர் முதல் வாரத்திற்குள் எழுதிக் கொடுக்கலாம்.