வானமும் கட்டடத்தில் சேர்த்தி

பாண்டி பீச் ரோட்டில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் நிற்கிற பழைய லைட் ஹவுஸை நாம் எல்லாருமே பார்த்திருப்போம். அது என்ன கட்டடம் என்று கேட்டால், ‘பிரெஞ்சுக்காரன் கட்டினது’ என்று பதில் வரும். தப்பில்லை. ஆனால் அதைக் கட்டியவர்களிடம் கேட்டிருந்தால் அது ஒரு கருவி என்று சொல்லியிருப்பார்கள். 1836 ஜூலை 1-ஆம் தேதி முதல்முறை விளக்கேற்றினார்கள். 1979-இல் ஊருக்குப் புதிய லைட் ஹவுஸ் வந்ததும் பழையதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

டீ வருவதற்குள் அந்தக் கருவியின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், சின்னக் கணக்குதான். பூமி உருண்டை என்பதால் கடலில் கொஞ்ச தூரம் போனதும் கரை கீழே அமுங்கிவிடும். விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை மூன்றரையால் பெருக்குங்கள். அதுதான் விளக்கிலிருந்து அடிவானம் வரைக்குமான தூரம், கிலோமீட்டரில். 25 மீட்டர் உயரமென்றால் மூலம் 5, தூரம் பதினேழரை. 100 மீட்டருக்குத் தூக்கினாலும் 35-தான். உயரம் நாலு மடங்கானாலும் தூரம் ரெண்டு மடங்குதான் ஆகிறது. அதனால் கோபுரத்தை மட்டும் நம்ப முடியாது. திறந்த கடலும், பின்னால் இருட்டாகக் கிடக்கிற ஊரும் கணக்கில் சேர்த்திதான். முதுகுக்குப் பின்னால் நூறு ஓட்டல் விளக்குகள் எரிந்தால், மாலுமிக்கு எது லைட் ஹவுஸ், எது மொட்டைமாடி பார்ட்டி என்று தெரியாது.

பழைய மாளிகையைக் காப்பாற்றச் சுவர், தூண், ஜன்னல் எல்லாம் நிலைத்தால் பெரும்பாலும் போதும். அறிவியலுக்காக எழுந்த கட்டடத்துக்கு அது போதாது. அது பார்த்த வானம், அடிவானம், அது ஊன்றி நின்ற தரை எல்லாமே அதில் சேர்த்தி. ஒரு செங்கல்கூட விழாமலேயே அதைக் கொன்றுவிடலாம்.

டெல்லி ஜந்தர் மந்தரில் நடந்தது இதுதான். ராஜா ஜெய்சிங் 1724-இல் எழுப்பிய அந்தக் கருவிகள், நிழல் விழும் இடத்தைப் பார்த்து நேரத்தையும் சூரியனின் நிலையையும் சொல்பவை. சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் வந்தபின், சூரியன் சாயும்போது கருவியின் மேல் அவற்றின் நிழல் விழுகிறது. அளவுக்கோட்டில் விழ வேண்டிய நிழல் ஒன்று, விழுகிற நிழல் வேறு. மத்திய அரசு காக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முன்பே முளைத்துவிட்டதை அது என்ன செய்யும்?

நம்மூரிலும் பழைய கதை ஒன்று உண்டு. கியோம் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், 1761 ஜூன் 6-ஆம் தேதி சூரியனுக்கு முன்னால் வெள்ளி கடப்பதைப் பாண்டியிலிருந்து அளக்கக் கப்பலேறினார். பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்க அந்த அளவு தேவைப்பட்டது. அவர் வருவதற்குள் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துவிட்டார்கள். கோட்டையையும் இடித்துத் தள்ளினார்கள். ஆடுகிற கப்பலில் நின்று வெள்ளியைப் பார்க்க முடிந்தது, அளக்க முடியவில்லை. மனிதர் ஊர் திரும்பவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் இந்தப் பக்கத்திலேயே சுற்றினார். ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்ததும், 1768-இல் பாண்டியில் இறங்கி, இடிந்த கோட்டையின் மிச்சத்தின் மேலேயே ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். அதற்குக் கீழே இருந்த நிலவறையில் வெடிமருந்து அடுக்கி வைத்திருந்தார்கள். 1769 ஜூன் 4 காலை, அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்தபின் வெயில் பளிச்சென்று அடித்தது.

அவரைப் பாவப்பட்ட மனிதராக மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். அது எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கூடத்திலிருந்துதான் அவர் பாண்டியின் தீர்க்கரேகையைக் கணித்தார். தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்கள் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையையும் இங்கேதான் கற்று, ஐரோப்பாவுக்கு எழுதினார். அந்தக் கூடம் இன்று இல்லை. கோட்டை நின்ற வட்டாரத்தில்தான் இப்போது பாரதி பூங்கா இருக்கிறது.

சென்னை ஓரளவு கொடுத்து வைத்தது. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் வானாய்வுக்கூடம் கட்டியபோது, நடுவில் பத்து டன் எடையுள்ள ஒரு கருங்கல் தூணை நிறுத்தியது. ஏன் அவ்வளவு கனம்? இந்த பெஞ்சில் டீ கிளாஸை வைத்திருக்கிறீர்கள், பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் டீ ஆடுகிறதா இல்லையா? நட்சத்திரம் அளக்கும் கருவிக்கும் அந்தத் தொல்லைதான். ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனி, தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே அளவு தப்பிவிடும். அதனால் தூணுக்குத் தனி அஸ்திவாரம் போட்டு, ஆள் நடக்கிற தரையோடு ஒட்டாமல் நிறுத்துவார்கள். 1802-இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிப்படைக் கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவைக்கு இந்த இடம்தான் ஆதாரப் புள்ளி. கூடம் போய்விட்டது. தூண் மட்டும் வானிலை மையத்து வளாகத்தில், தமிழிலும் எழுத்து வெட்டப்பட்டு, நிற்கிறது. இப்படிப்பட்ட கூடம் ஒன்று இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருந்தால், பக்கத்து மனையில் பைல் அடிக்கிறபோது சுவரில் விரிசல் விழுவதற்கு ரொம்ப முன்பே அது பயனற்றுப் போயிருக்கும்.

இந்த இரண்டு ஊரையும் முடிச்சுப் போட்ட ஒருவர் ஜான் வாரன். சென்னைக் கூடத்தைச் சில வருஷம் பார்த்துக்கொண்டவர். தென்னாட்டுப் பஞ்சாங்கக் கணக்குகளைத் திரட்டி 1825-இல் ‘கால சங்கலித’ என்ற பெரிய நூலை வெளியிட்டவர். 1830-இல் பாண்டியில்தான் இறந்தார்.

இப்போது நம் ஊர் விஷயம். முகப்பைக் காப்பாற்றுவதில் பாண்டி கெட்டிக்கார ஊர். பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு 1984 முதல் இங்கே வேலை செய்கிறது; பல வீடுகள் அதனால் பிழைத்தன. 2014 நவம்பர் மழையில் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி சரிந்தபோதுகூடப் பழைய வடிவிலேயே திரும்ப எழுப்பிவிட்டார்கள். நல்ல வேலைதான். ஆனால் அந்த முறை மேரிக்குப் பொருந்தும், வானாய்வுக்கூடத்துக்குப் பொருந்தாது. எந்தத் திசைக்கு எத்தனை பாகை திரும்பியிருந்தது, கருவி எந்த மட்டத்தில் உட்கார்ந்திருந்தது என்ற குறிப்பு இல்லாமல் கட்டினால், ஒரு மண்டபம் கிடைக்கும், அவ்வளவுதான். செயிண்ட் லூயி தெருவில் 1955 முதல் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இன்னொரு மாதிரி. அங்கே விலைமதிப்பு உள்ளே இருக்கிறது: உலரவைத்த தாவரங்கள், யுனெஸ்கோ 2005-இல் பட்டியலில் சேர்த்த சைவ ஓலைச்சுவடிகள். கடற்காற்றின் ஈரம்தான் அங்கே முதல் எதிரி.

கொடைக்கானலைப் பாருங்கள். சென்னையின் வானியல் வேலை 1899-இல் அங்கே போனது. சூரியனைப் படமெடுப்பது நூறு வருஷத்துக்கும் மேலாகத் தொடர்கிறது. 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கம் பாய்வதைக் கண்டதும் அங்கேதான். இன்றைக்கும் அளப்பதற்கு ஆள் வருகிறார், அதனால் பக்கத்தில் என்ன முளைக்கிறது என்று கேட்கவும் ஆள் இருக்கிறார். நம் லைட் ஹவுஸுக்கு அந்த ஆள் 1979-இல் போய்விட்டார்.

ஆகவே பக்கத்தில் கட்ட மனு வரும்போது முகப்பு நிறத்தை மட்டும் கேட்டால் பற்றாது. அந்த உயரத்தில் நின்றால் கடல் எத்தனை பாகைக்குத் தெரிகிறது, கட்டிய பிறகு எத்தனை தெரியும், அஸ்திவாரம் எப்படித் தோண்டுவார்கள், ராத்திரி விளக்கு எந்தப் பக்கம் அடிக்கும் என்று நாலு கேள்வி சேர்த்துக் கேட்கலாம். லடாக்கில் ஹன்லே வானாய்வுக்கூடத்தைச் சுற்றி 2022-இல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். பீச் ரோட்டில் அவ்வளவு இருட்டு கேட்டால் சுண்டல் விற்கிறவர்களே நம்மைத் துரத்துவார்கள். ஆனால் தெருவிளக்குக்குக் குல்லா போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புவதற்கு யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. கரண்ட் பில்லும் குறையும்.