பதிவேட்டில் யாருடைய பெயர்?
இங்கிலாந்தில் வீடு வாங்கும் எம்மவர் அறிந்திருக்க வேண்டியவை

ஊரில் இரண்டு பரப்புக் காணி வாங்குவதென்றாலும் நாம் நொத்தாரிசிடம் போவோம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் உறுதி எழுதப்படும். அந்த உறுதியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவோம். இடம்பெயர்ந்து ஓடியபோதும் எத்தனையோ தாய்மார் நகையோடு உறுதியையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் புறப்பட்டார்கள். உறுதி கையில் இருந்தால் காணி எங்களுடையது என்பதே எமது நம்பிக்கை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலைமை வேறு. இங்கே உரிமையைத் தீர்மானிப்பது பெட்டகத்தில் உள்ள கடதாசி அல்ல, 1862இல் தொடங்கப்பட்ட அரச காணிப் பதிவகத்தின் பதிவேடுதான். 1990 டிசம்பர் 1 முதல் இவ்விரு நாடுகளிலும் எந்த இடத்தில் வீடு விற்கப்பட்டாலும் அதைப் பதிவது கட்டாயம். 2003 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பதிவான வீட்டின் சட்ட உரிமை காசு கொடுத்த நாளில் வாங்கியவருக்கு வருவதில்லை. பதிவேட்டில் பெயர் ஏறும்போதுதான் வருகிறது. முன்னர் வழங்கப்பட்ட காணிச் சான்றிதழ்களும் அந்தச் சட்டத்தோடு செல்லாதவையாகிவிட்டன.

ஆகவே வீடு வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "பதிவேட்டில் யாருடைய பெயர் வரப்போகிறது?" என்பதே. இந்நாட்டில் வீடு வாங்கக் குடியுரிமை தேவையில்லை. அகதி அந்தஸ்துப் பெற்றவரும் வாங்கலாம். கடன் கொடுக்கும் வங்கிகள் மட்டும் விசாவையும் வருமானத்தையும் பார்த்து முடிவு செய்யும்.

படிகள் எவை?

விலை பேசி "சரி" என்று இரு பகுதியும் சொன்னதோடு எதுவும் முடிவதில்லை. காணி விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், இரு பகுதியும் கையொப்பமிடவேண்டும் என்பது 1989ஆம் ஆண்டுச் சட்டம். அதுவரை விற்பவர் கூடுதல் விலை தருபவருக்கு மாறலாம். வாங்குபவரும் விலகலாம்.

அடுத்ததாக ஒரு சட்டத்தரணியை அல்லது அனுமதிபெற்ற கொன்வேயன்சரை அமர்த்தவேண்டும். விற்பவருடைய சட்டத்தரணியே உங்களுக்கும் வேலை செய்தால் செலவு குறையும் என்று யாராவது சொன்னால் ஏற்கவேண்டாம். உங்கள் நலனை மட்டும் பார்ப்பவர் ஒருவர் உங்களுக்கு வேண்டும். அவர் பதிவேட்டின் பிரதியைப் பெறுவார், உள்ளூராட்சிச் சபையிலும் தண்ணீர்க் கம்பனியிலும் விசாரணைகள் செய்வார், விற்பவரிடம் கேள்விகள் கேட்பார். வீட்டின் கட்டட நிலையைப் பார்ப்பது அவருடைய வேலையல்ல. அதற்கு சேர்வேயர் ஒருவரைத் தனியாக அமர்த்தவேண்டும். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காகவே வருகிறார்.

இந்தக் கட்டத்தில் எம்மவர் பலர் தடுமாறுவது "இந்தக் காசு எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வியில்தான். பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி சட்டத்தரணி இதைக் கேட்டே ஆகவேண்டும், அவரோடு கோபிப்பதில் பயனில்லை. சீட்டுக் காசு, நகை விற்ற காசு, கனடாவில் உள்ள தம்பி அனுப்பிய காசு எதுவானாலும் அதற்கு எழுத்து வேண்டும். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், சீட்டு எடுத்த காசைக் கையில் வைத்திராமல் வங்கி வழியாகவே பெறுங்கள். யார், எப்போது, எவ்வளவு தந்தார் என்பதற்கான தாள்களைச் சேர்த்து வையுங்கள்.

எல்லாம் சரியென்றால் ஒப்பந்தங்கள் கைமாறும். இதையே "எக்ஸ்சேஞ்ச்" என்கிறார்கள். வழக்கமாக விலையில் 10 வீதம் முற்பணமாகக் கொடுக்கப்படும். இதன்பின் விலகினால் அந்த முற்பணத்தை இழக்க நேரிடும். பின்னர் குறித்த நாளில் மீதிக் காசு செலுத்தப்பட்டுத் திறப்பு கைக்கு வரும். அது "கொம்ப்ளீஷன்".

காசு அனுப்பும்போது ஓர் எச்சரிக்கை. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று சட்டத்தரணியின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பி முழுத் தொகையையும் சுருட்டும் மோசடி இந்நாட்டில் நடந்து வருகிறது. அப்படி எது வந்தாலும், முதல்நாளே நீங்கள் குறித்துவைத்த தொலைபேசி இலக்கத்தில் அழைத்துக் குரலைக் கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு பென்ஸ்கூட அனுப்பவேண்டாம்.

திறப்பு கிடைத்த பின்னரும் வேலை உண்டு

திறப்பு கிடைத்ததும் பால் காய்ச்சுகிறோம், படம் எடுக்கிறோம். சட்டப்படி வேலை முடியவில்லை. கொம்ப்ளீஷன் நாளிலிருந்து 14 நாட்களுக்குள் முத்திரை வரிப் படிவம் அனுப்பப்படவேண்டும். பிந்தினால் 100 பவுணும், 3 மாதத்துக்கு மேல் பிந்தினால் 200 பவுணும் தண்டம். வரிப் படிவம் கொடுத்ததற்கான சான்று இல்லாமல் காணிப் பதிவகம் பெயரை மாற்றாது.

கொம்ப்ளீஷனுக்கு முன் உங்கள் சட்டத்தரணி பதிவகத்தில் முன்னுரிமைத் தேடல் ஒன்றைச் செய்வார். அது 30 வேலைநாட்களுக்குப் பாதுகாப்புத் தரும். அந்த நாட்களுக்குள் உங்கள் பதிவு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், இடையில் வேறு யாராவது அந்த வீட்டின்மீது ஈடோ உரிமையோ பதிய முயன்றாலும் உங்களுக்கே முதலிடம். பதிவு முடியச் சில வேளை மாதக்கணக்கில் செல்லும். முடிந்ததும் விண்ணப்பம் சேர்ந்த நாளிலிருந்தே அது செல்லுபடியாகும். இதுவரை பதியப்படாத பழைய வீட்டை வாங்கினால் 2 மாதத்துக்குள் முதற்பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். தவறினால் சட்ட உரிமை உங்களிடம் நிலைக்காது.

"பதிவு முடிந்துவிட்டதா? புதிய பதிவேட்டுப் பிரதியை அனுப்புங்கள்" என்று சட்டத்தரணியிடம் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது வீட்டையும் அது முழு உரிமையா குத்தகையா என்பதையும் கூறும். பிளட் வாங்குபவர்கள் குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டுகள் உள்ளன என்பதை வாங்குமுன்னரே பார்க்கவேண்டும். இரண்டாவது பகுதியில் உரிமையாளரின் பெயர் இருக்கும். மூன்றாவதில் வங்கியின் ஈடு போன்ற பாரங்கள் இருக்கும். பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியா என்று பாருங்கள். தகப்பன் பெயர் முன்னுக்கும் பின்னுக்குமாக மாறி, கடவுச்சீட்டில் ஒன்றும் வங்கியில் ஒன்றுமாக இருப்பது எம்மவரிடையே சாதாரணம். வீடு வாங்குமுன்னரே எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவருவது நல்லது.

ஊரிலுள்ள வீடு இங்கே வரியைக் கூட்டும்

முத்திரை வரியில் எம்மவர் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. முதல்முறை வீடு வாங்குவோருக்கு இங்கிலாந்தில் சலுகை இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், 5 இலட்சம் பவுணுக்கு மேற்படாத வீட்டில் முதல் 3 இலட்சத்துக்கு அவர்கள் வரி கட்டவேண்டியதில்லை. ஆனால் "முதல்முறை" என்பது உலகத்தில் எந்த நாட்டிலும் வீடு வைத்திராதவரையே குறிக்கும். யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடும், தாய் தகப்பனிடமிருந்து முதுசமாக வந்த வீடும் இதில் அடங்கும். சேர்ந்து வாங்குபவர்களில் ஒருவருக்கு இருந்தாலே சலுகை எல்லோருக்கும் போய்விடும்.

அதைவிடப் பெரியது, இரண்டாவது வீட்டுக்கான மேலதிக வரி. உங்கள் பெயரிலோ உங்கள் வாழ்க்கைத் துணையின் பெயரிலோ வேறு எந்த நாட்டிலாவது 40,000 பவுண் அல்லது அதற்கு மேற்பட்ட பெறுமதியுள்ள வீடு இருந்தால், பொதுவாக விலை முழுவதற்கும் 5 வீதம் கூடுதலாகக் கட்டவேண்டும். இந்த வீதம் 2024 அக்டோபர் 31இல் உயர்த்தப்பட்டது.

கணக்கைப் பாருங்கள். 4 இலட்சம் பவுண் வீடு. முதல்முறை வாங்குபவருக்கு வரி 5,000 பவுண். சலுகை இல்லாதவருக்கு 10,000 பவுண். மேலதிக வரியும் விழுந்தால் 30,000 பவுண். ஏற்கெனவே வீடுள்ள அண்ணனை மோட்கேஜுக்காகச் சேர்த்து வாங்கினாலும் இந்த மேலதிக வரி விழலாம். வாங்குபவர்களில் ஒருவர் வாங்கிய நாளுக்கு முந்திய 12 மாதத்தில் 183 நாட்கள் இந்நாட்டில் இருந்திராவிட்டால் வெளிநாட்டு வாசிக்கான 2 வீதமும் சேரும். ஆகவே ஊரிலுள்ள வீடு பற்றிச் சட்டத்தரணியிடம் முதல்நாளே சொல்லுங்கள். மறைத்தால் பின்னர் வரியோடு தண்டமும் வரும். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் இவ்வரிகளின் பெயரும் வீதமும் வேறு.

"பெயர் மட்டும்தான் அவருடையது"

வந்து சில ஆண்டுகளேயான குடும்பத்துக்கு மோட்கேஜ் கிடைப்பது கடினம். அதனால் மச்சானுடைய அல்லது பெரியப்பாவின் மகனுடைய பெயரில் வீட்டை வாங்குகிறார்கள். முற்பணம் இவர்களுடையது, மாதக் கட்டணமும் இவர்களுடையது. "பெயர் மட்டும்தான் அவருடையது, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். சொந்தத்துக்குள் எழுத்துக் கேட்பது அவமரியாதை என்று பேசாமல் இருந்துவிடுவார்கள்.

இது எங்கே கொண்டுபோய் விடும்? அந்த மச்சான் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு விவாகரத்து வந்தால், வீட்டிலும் பங்கு வேண்டும் என்று மனைவி கேட்கலாம். அவர் கடனில் முறிந்தால் கடன்காரர் அந்த வீட்டைத் தேடி வருவர். அவர் இறந்தால் வீடு அவருடைய வாரிசுகளிடம் போகும். அப்போது காசு கொடுத்த குடும்பம் நீதிமன்றத்தில் நின்று, தாம் கொடுத்ததையும் அப்படி ஒரு பொது எண்ணம் இருந்ததையும் நிரூபிக்கவேண்டும். எழுத்தில்லாமலும் நீதிமன்றங்கள் பங்கு கொடுத்ததுண்டு. ஆனால் அந்த வழக்குக்கே சேமிப்பெல்லாம் கரைந்துவிடும். இதற்கிடையில், யார் குடியிருக்கப் போகிறார் என்று வங்கிக்குப் பொய் சொல்லியிருந்தால் அது குற்றமுமாகும். "பிறகு மாற்றுவது" கூட இலகுவல்ல. அதற்கு வங்கியின் சம்மதம் வேண்டும், மீண்டும் வரி வரவும் கூடும்.

இயன்றவரை உங்கள் பெயரும் பதிவேட்டில் இருக்கட்டும். நான்கு பேர் வரை சட்ட உரிமையாளராகப் பதியலாம். முடியாவிட்டால், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை நம்பிக்கைப் பத்திரமாக எழுதிக் கையொப்பமிட்டு, பதிவேட்டில் அதற்கான கட்டுப்பாடு ஒன்றையும் போடுவிக்கவேண்டும். இதற்கு இரு பகுதியும் தனித்தனிச் சட்டத்தரணியிடம் ஆலோசனை கேட்பதே முறை. இது நம்பிக்கையீனமல்ல, இரு வீட்டாருடைய பிள்ளைகளையும் காப்பாற்றும் வேலி.

பலர் சேர்ந்து வாங்கும்போது இரண்டு வகை உண்டு. "ஜொயின்ட் ரெனன்ற்ஸ்" என்றால் ஒருவர் இறந்ததும் வீடு முழுவதும் மற்றவருக்கே போகும். மரணசாசனத்தில் வேறு எழுதியிருந்தாலும் அது செல்லாது. "ரெனன்ற்ஸ் இன் கொமன்" என்றால் ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு, அது அவரவர் வாரிசுக்குப் போகும். கணவன் மனைவிக்கு முதலாவது பொருந்தலாம். சகோதரர்கள் சேர்ந்து வாங்கினால் பெரும்பாலும் இரண்டாவதே நியாயமானது. படிவத்தில் எந்தப் பெட்டியில் அடையாளம் இடப்படுகிறது என்பதை விளங்காமல் கையொப்பமிடவேண்டாம்.

பெண்களுக்கு ஒரு சொல். வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்தாலும், அது குடும்பம் வாழும் வீடென்றால் மனைவி தனது குடியிருப்பு உரிமையைப் பதிவேட்டில் குறிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. குறிக்காவிட்டால் வீட்டை வாங்குபவரை அந்த உரிமை கட்டுப்படுத்தாது. ஆனால் இது சட்டப்படி திருமணமானவர்களுக்கே. இங்கே கோவிலில் தாலி கட்டியதோடு நின்று, சட்டப்படி பதியாதவர்களுக்கு இந்த உரிமை கிடையாது.

பதிந்த பின் காவல்

பதிவேட்டை யாரும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். அக்கட்டணம் 2024 டிசம்பரில் 7 பவுணாக்கப்பட்டது. உங்கள் வீடு இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் ஊகித்துக்கொண்டிராமல் பிரதி எடுத்துப் பாருங்கள். உரிமையாளர்போல் நடித்து வீட்டை விற்கும் மோசடியிலிருந்து காக்க, காணிப் பதிவகம் "புறொப்பர்ட்டி அலேட்" என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. ஒருவர் 10 வீடுகள் வரை அதில் சேர்க்கலாம். முதிய பெற்றோரின் வீட்டையும் சேர்த்துவிடலாம். வீடு மாறினால் பதிவகத்திலுள்ள உங்கள் முகவரியையும் மாற்றுங்கள். மூன்று முகவரிகள் வரை கொடுக்கலாம், அதில் மின்னஞ்சலும் ஒன்றாக இருக்கலாம். பதிவகத்தின் அறிவித்தல்கள் அங்கேதான் வரும்.

ஒருமுறை வீட்டை இழந்து வந்தவர்கள் நாம். இரவு வேலையும் இரட்டை வேலையும் செய்து சேர்த்த காசில் இரண்டாவது வீட்டை வாங்குகிறோம். பெரும்பாலான குடும்பங்களுக்கு மூன்றாவது தடவை முயலப் பலம் இருக்காது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும், இந்தக் கிழமைக்குள் ஒரு பதிவேட்டுப் பிரதியை எடுத்து, அதன் இரண்டாவது பகுதியைக் குடும்பமாக இருந்து வாசித்துப் பாருங்கள். அதில் இருக்கவேண்டிய பெயர் இல்லாவிட்டால், எல்லோரும் நல்ல மனதோடு இருக்கும் இப்போதே ஒரு சட்டத்தரணியிடம் போய்ப் பேசி எழுதிவிடுங்கள்.