மூளைக்கு வயதாவது எப்படி? 1 லட்சம் பேரின் 'ஸ்கேன்' படங்களைச் சேர்த்துப் போட்ட கணக்கு

பெங்களூர்.

என்னுடன் ரெயில்வேயில் வேலை பார்க்கும் மூத்த நண்பர் ஒருவரின் தந்தைக்கு வயது 71. கோலார் தங்க வயலில் சுரங்க வேலை பார்த்தவர். கடைக்குப் போன அவர் ஒரு நாள், வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்.

தலையை 'ஸ்கேன்' எடுத்தார்கள். "மூளையில் வயதுக்கேற்ற சுருக்கம்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"71 வயதுக்கு இவ்வளவு சுருக்கம்தான் என்று யார் தம்பி அளந்து வைத்தது?" என்று நண்பர் என்னைக் கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடித்தான் உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் பழைய படங்களைத் திரட்டி வருகிறார்கள்.

கிடப்பில் கிடந்த படங்கள்

எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் செலவு அதிகம். ஓர் ஆராய்ச்சி நிலையம் தானாக 100 பேரையோ, 200 பேரையோதான் எடுக்க முடியும். அதை வைத்து மனித குலத்துக்கே அளவு சொல்ல முடியாது.

ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் ஏற்கனவே எடுத்த படங்கள் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்தால் என்ன?

2009-ல் தொடங்கிய 'எனிக்மா' என்ற கூட்டு முயற்சி ஒரு வழி காட்டியது. எல்லா நிலையங்களும் ஒரே முறையில் தங்கள் படங்களை அளந்து, அந்தக் கணக்கை மட்டும் அனுப்பினால் போதும். படங்கள் அந்தந்த இடத்திலேயே இருக்கலாம்.

2022-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் முன்னின்று, பல நாட்டினருடன் சேர்ந்து பெரிய கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். 1,01,457 பேரின் 1,23,984 படங்கள்! கருவில் இருக்கும் சிசு முதல் 100 வயது முதியவர் வரை அதில் உண்டு.

என்ன தெரிந்தது?

மூளையின் சாம்பல் நிறப் பகுதி சுமார் 6 வயதிலேயே உச்ச அளவை அடைந்து, பிறகு மெல்லக் குறைகிறது. செய்தி கடத்தும் வெள்ளைப் பகுதி 29 வயதை நெருங்கும்போது உச்சம் அடைகிறது. மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள் முதுமையில் வேகமாக விரிகின்றன.

ஆக, வயதானால் மூளை ஓரளவு சுருங்குவது எல்லோருக்கும் உள்ளதே.

தராசுக்குத் தராசு வித்தியாசம்

படங்களைச் சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பார்சல் ஆபீசில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு ஸ்டேஷன் தராசில் 40 கிலோ காட்டும் மூட்டை, இன்னொரு ஸ்டேஷனில் 41 கிலோ காட்டும்.

எம்.ஆர்.ஐ. எந்திரமும் அப்படித்தான். ஒன்றின் காந்த சக்தி 1.5 டெஸ்லா, இன்னொன்று 3 டெஸ்லா. தயாரிக்கும் கம்பெனிகளும் வேறு. ஒரே தலையை இரண்டிலும் வைத்தால் அளவு சற்று மாறும். ஒரு நிலையத்தில் முதியவர்களையும், இன்னொன்றில் இளைஞர்களையும் எடுத்திருந்தால், எந்திரத்தின் வித்தியாசத்தை வயதின் வித்தியாசம் என்று ஏமாந்துவிடலாம்.

எனவே ஒவ்வொரு எந்திரமும் வழக்கமாக எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று கணித்து, அதைச் சரிக்கட்டிய பிறகே சேர்க்கிறார்கள். ஆளை அடையாளம் காண முடியாதபடி படத்திலிருந்து முகத்தை நீக்கிவிடுவதும் உண்டு.

நம்மவர் தலை எங்கே?

2022 கணக்கில் பெரும்பாலானவை ஐரோப்பா, வட அமெரிக்காவில் எடுத்த படங்கள். இந்தக் குறையை ஆராய்ச்சியாளர்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஐதராபாத் சர்வதேச தகவல் தொழில்நுட்பக் கழகத்தினர் 2019-ல் 100 இந்தியர்களின் படங்களிலிருந்து ஒரு மாதிரி தயாரித்தார்கள். மேல்நாட்டு மாதிரியைவிட நம் மூளை சராசரியாகச் சற்றுச் சிறியது என்று தெரிந்தது. அறிவு குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. அளவுகோல் வேறு வேண்டும் என்றே அர்த்தம்.

அந்த அளவுகோலுக்கான வேலை நம் பக்கத்திலேயே நடக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரா கிராமங்களில், 45 வயதைத் தாண்டிய 10,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் திட்டம் வகுத்தது. மூளைப் படமும் அதில் ஒரு பரிசோதனை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் உண்டு என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. எனவே இது யாரோ சிலரின் கவலை அல்ல.

வாசகர்களுக்கு

இந்தக் கணக்கு கூட்டத்துக்குப் பொருந்துவது. அதை மட்டும் வைத்துத் தனி ஒருவருக்கு நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. பழகிய வழியையே மறந்தால், "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். தைராய்டு கோளாறு, பி-12 வைட்டமின் குறைவு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு.

ஆராய்ச்சிக்காகப் படம் கேட்டால், எதற்கு, பெயர் மறைக்கப்படுமா என்று விசாரித்த பிறகு சம்மதிக்கலாம். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை. ஆனால் உடம்பில் உலோகக் கருவி வைத்திருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நண்பரின் தந்தை இப்போது பேரன் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறார். அவருடைய படத்தைப் பத்திரமாக வைத்திருக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த படம் எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராம். படம் நண்பரின் வீட்டு இரும்புப் பெட்டியில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.