சட்டகத்துக்குள் மணமாலை: கொடுக்குமுன் அறிய வேண்டியவை

முகூர்த்த மாலையிலிருந்தோ வரவேற்பில் ஏந்திய பூச்செண்டிலிருந்தோ சில பூக்களை எடுத்து, அவற்றை அழுத்தி உலர்த்திக் கண்ணாடிச் சட்டகத்துக்குள் அமைத்தோ, எபோக்சி என்னும் இறுகும் பிசினில் பதித்தோ தரும் தொழில் தமிழக நகரங்களில் சமூக ஊடகங்களின் வழியே வளர்ந்துள்ளது. இது பலர் வீட்டிலிருந்தே நடத்தும் தொழில் என்பதால், முன்பணம் யுபிஐ வழியாகவும் பூக்கள் கூரியரிலும் போய்ச் சேர்ந்தாலும் ரசீது வருவது அரிது. கடையில் வாங்கிய பொருள் பழுதானால் வேறொன்றைப் பெறலாம். மணநாளின் பூவுக்கு அவ்வழி இல்லையாதலால், ஒப்பந்தத்தின் தெளிவே இங்கு முதன்மையான பாதுகாப்பாகிறது.

“காலத்துக்கும் நிறம் மாறாது” என்னும் விளம்பரத்தை நம்புவதற்குப் பூவின் வேதியியல் இடம் தருவதில்லை. ரோஜாவின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் என்னும் நிறமி உலரும்போது கருஞ்சிவப்பாகி ஒளியில் வெளிறுகிறது. மல்லிகை, சம்பங்கி போன்ற வெள்ளைப் பூக்களோ, அவற்றிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதால் பழுப்பாகின்றன. துலுக்கச் சாமந்தியின் மஞ்சளைத் தரும் கரோட்டினாய்டு நிறமிகள் ஒப்பளவில் நிலைத்து நிற்பவை. ஆகவே, பாடம் செய்த மல்லிகை பளிச்சென்ற வெண்மையோடு திரும்பி வந்தால், அதற்குச் சாயம் பூசப்பட்டதா, வேறு பூ வைக்கப்பட்டதா என்று கேட்பது நியாயமே. எபோக்சி பிசினும் புற ஊதாக் கதிர் பட்டால் நாளடைவில் மஞ்சளாகும்; ஈரம் முற்றும் போகாத பூவை அதில் பதித்தால் உள்ளேயே கறுத்துவிடும்.

வீட்டிலேயே முயல்வோருக்கு உடல்நலம் சார்ந்த எச்சரிக்கையும் தேவை. இறுகாத எபோக்சியும் அதன் இறுக்கியும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. ஒருமுறை அது வந்தவருக்குப் பின்னர்ச் சிறிதளவு பட்டாலும் மீண்டும் வரும். ஈரம் உறிஞ்சப் பயன்படும் சிலிக்கா ஜெல்லின் நீலநிற வகையில் நிறங்காட்டியாகச் சேர்க்கப்படும் கோபால்ட் குளோரைடு, தூசாக மூச்சில் புகுந்தால் புற்றுநோய் அபாயமுள்ளது என வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. உறிஞ்சுதாளுக்கிடையே பூவை வைத்துக் கனமான புத்தகங்களால் அழுத்தி, தாளை அடிக்கடி மாற்றும் பழைய முறையில் இத்தொல்லைகள் இல்லை.

சட்டத்தின் பார்வையில் பூவைக் கொடுப்பது விற்பனையன்று. குறித்த பணிக்காகப் பொருளை ஒப்படைத்து, பணி முடிந்ததும் திரும்பப் பெறும் ஏற்பாடு. இதை வரையறுக்கும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் (பிரிவுகள் 148, 151), சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளிடம் காட்டும் அளவு கவனத்தைப் பெற்றவர் காட்ட வேண்டும் என்கிறது. கட்டணத்துக்குச் செய்யும் பணியாதலால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருந்துகிறது. “இது என் பொழுதுபோக்குதான்” என்னும் மறுமொழிக்கு வலுவில்லை: 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விலக்களிப்பது, ஒருவர் தனிப்பட்ட முறையில், தொடர்ச்சியான வணிகமாக அல்லாமல் செய்வதற்கு மட்டுமே. ஆயினும் சான்று இல்லாத முறையீடு தளர்ந்துவிடும். பூக்களின் வகை, அனுப்பிய நாளின் நிழற்படம், முறை, ஒப்படைக்கும் தேதி, சாயமோ மாற்றுப்பூவோ சேர்க்கப்படுமா என்பது ஆகியவற்றை வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுத்தில் பெற்றிருக்க வேண்டும்.

தகராறு எழுந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அது சமரசத்துக்கு முயலுமே தவிரத் தீர்ப்பு வழங்காது. தீர்ப்புக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை; கைவினைஞர் வெளியூரில் இருந்தாலும் முறையிடுபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் மனு தரலாம். கட்டணத்தைத் திரும்பப் பெறுவதோடு, கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கோரலாம். கைவினைஞருக்கும் ஓர் உரிமையுண்டு: ஒப்புக்கொண்டபடி பணியை முடித்தவர், எதிரான உடன்பாடு இல்லாதபோது, கூலி வரும்வரை சட்டகத்தைத் தம்மிடமே வைத்திருக்கலாம் (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170). எனவே பணியில் குறை கண்டவர், மீதித்தொகையை மறுத்துப் பூவையும் இழப்பதைவிட, குறையை எழுத்தில் குறித்துத் தெரிவித்துவிட்டுப் பணத்தைச் செலுத்திப் பொருளை மீட்டு, பின்னர் முறையிடுவதே பல வேளைகளில் பயன் தரும்.